எண்ணெய் ஊத்துனேனா, இல்லையா

தீபாவளி முடிஞ்சா எங்க பக்கம் ஒரு மாசத்துக்கு வேலை கெடையாது. ஊரெல்லாம் வெடிச்சு முடிச்சுட்டுக் காதைக் கொடைஞ்சுக்கிட்டு இருக்கும். அந்த வெடியைச் செஞ்ச நாங்க வாசல்ல சேரைப் போட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருப்போம். பட்டாசு ஆபீஸ், அதான் பேக்டரி, அது கேட்டுல பூட்டு தொங்கும். அடுத்த சீசனுக்குப் பூஜை போட்டுத் தொறக்குற வரைக்கும் சிவகாசியில இருந்து வெம்பக்கோட்டை போற ரோட்டுல காலையில சைக்கிள் மணிச் சத்தமே இருக்காது.

நான் அங்க மருந்து ரூம் போர்மேன். மருந்துன்னா இருமலுக்குக் குடிக்கிறது இல்ல. வெடிக்குள்ள போடுற கெமிக்கல் கலவைக்கு இங்கன அதான் பேரு. எதோட எதை எம்புட்டு சேக்கணும், எதோட எதைச் சேக்கவே கூடாது, இதைப் பாக்குறதுக்கு எனக்குச் சம்பளம். இருபத்தஞ்சு வருசமா பத்து வெரலும் முழுசா இருக்கு. அதுக்கு மேல எங்க வேலையில சர்டிபிகேட் கெடையாது.

அந்த வருச லீவுக்கு நான் ஒரு வேலை வச்சிருந்தேன். பின்பக்கம் தகரக் கொட்டகையில ஏழு மாசமா அசையாமக் கெடந்த என் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரிக்கிறது. மெக்கானிக் கிட்ட விட்டா ரெண்டு நாள்ல முடிச்சுக் கையில குடுத்துருவான். ஆனா எனக்கு வண்டி ஓடுறது ரெண்டாவது விசயம். உள்ள என்ன நடந்துச்சுன்னு என் கண்ணால பாக்கணும். ஏன்னா அதுல ஒரு வழக்கு இருந்துச்சு. வாதி நான், பிரதிவாதி எங்க வீட்டம்மா. தீர்ப்பு எஞ்சினுக்குள்ள கெடந்துச்சு.

வழக்கு இதுதான்.

அது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோல்லயே எண்ணெயைக் கலந்து ஊத்தணும். எண்ணெய் இல்லாம ஓட்டுனா உள்ள பிஸ்டன் காஞ்சு, சூடேறி, சிலிண்டரைக் கட்டிப் புடிச்சுக்கிரும். பங்க்குல கலந்து குடுப்பாக. நான் வாங்க மாட்டேன். கலக்குறதே தொழிலா வச்சிருக்கிறவன் அடுத்தவன் கலந்ததை ஊத்துனா கௌரவம் என்னாகும்? அதனால ஒரு பாட்டில்ல எண்ணெய் எப்பவும் கூடவே வரும். பின்னால உக்காந்து வர்ற வீட்டம்மா பையில இருக்கும். பங்க்குல நான் கையை நீட்டுவேன், அவ பாட்டிலைத் தருவா, நான் ஊத்துவேன். கல்யாணமான நாள்ல இருந்து இதான் நடைமுறை.

சித்திரை மாசம் வெம்பக்கோட்டைக்கு அங்கிட்டு ஒரு சொந்தக்காரங்க கல்யாணம். பங்க்குல பெட்ரோல் போட்டுட்டுக் கெளம்புனோம். அணைக்கரை கண்ணுக்குத் தெரியுற எடத்துல, சுத்துமுத்தும் ஒரு மரம் இல்லாத பொட்டல்ல, எஞ்சின் ஒரு சத்தம் போட்டு அப்படியே நின்னுருச்சு. கிக்கரை மிதிச்சா கல்லு மேல மிதிச்ச மாதிரி இருக்கு. நான் வண்டியைத் தள்ளுனேன். அவ பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு, மொய்யா வைக்க வாங்குன எவர்சில்வர் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு முன்னால நடந்தா. எதுத்து வந்த மினி பஸ்ஸுல ஒருத்தர் தலையை நீட்டி, "தண்ணிக்கு இம்புட்டுத் தூரமா வாரீக?"ன்னு கேட்டாரு. அவளுக்கே சிரிப்பு வந்துருச்சு. அதோட விட்டிருந்தா இந்தக் கதை கெடையாது.

நான் கேட்டேன், "பங்க்குல பாட்டிலை எடுத்துத் தந்தியா?"

"தந்தேனே. நீங்கதான ஊத்துனீக."

"எனக்கு ஊத்துன மாதிரி ஞாபகமே இல்லையே."

"உங்களுக்கு ஞாபகம் இல்லைன்னா நான் தரலைன்னு ஆயிருமா?"

பையில பாட்டில் இருந்துச்சு. பாதி இருந்துச்சு. கெளம்புறப்ப முழுசா இருந்துச்சா, பாதி இருந்துச்சான்னு ரெண்டு பேருக்கும் சொல்லத் தெரியல.

கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் எல்லாரும் என்ன ஆச்சுன்னு கேட்டாக. எனக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேரு கூடி என்னைப் பாத்தா, அவுகளைச் சிரிக்க வைக்காம விட மாட்டேன். சொன்னேன்: "நான் ஆயிரம் கிலோ மருந்து கலந்தவன்யா, ஒரு நாள் தப்புனது கெடையாது. பாட்டிலை எடுத்து நீட்டுறது மட்டும்தான் வீட்டம்மா டிப்பார்ட்மெண்ட்டு. அதுல போச்சு." நல்லாச் சிரிச்சாக. பந்தியில உக்காந்ததும் எதுத்த வரிசைக்காக ஒருக்கச் சொன்னேன். அப்புறம் வேன்ல சாத்தூர் ஆளுக வந்தாக. அவுகளுக்கு ஒருக்க. மூணாவது தடவை சொல்றப்ப அவ ரெண்டு இலை தள்ளி உக்காந்திருந்தா. சிரிப்பு அடங்குறதுக்குள்ள இலையை மூடி எந்திரிச்சுட்டா. பாயாசம் இன்னும் வரல.

வைகாசியில திருப்பூர்ல இருந்து மக போன் போட்டா. அவளும் அவ வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குப் போறாக, கைப்பிள்ளையைப் பாக்க ஆள் இல்ல. ஒரு மாசம்னு சொல்லிட்டுப் போன வீட்டம்மா தீபாவளிக்கும் வரல. பிள்ளைக்குச் சளின்னு சொன்னா. பிள்ளைக்குச் சளிதான், பொய் இல்ல. தெனமும் சாயங்காலம் நான் போன் போடுவேன். "சாப்பிட்டீகளா?"ம்பா. "சாப்பிட்டேன்". "என்ன கொழம்பு?" "ரசம்". "சரி, வைக்கிறேன்." சண்டை போட்டாக்கூட அதுல ஒரு நெருக்கம் இருக்கும். இது ஆபீஸ் வருகைப் பதிவேடு மாதிரி.

அப்பத்தான் எனக்கு இந்த யோசனை வந்துச்சு. எஞ்சினைத் தொறப்போம். உள்ள எண்ணெய்ப் பசை இல்லாமக் காஞ்சு கெடக்கும். நான் சொன்னது சரின்னு தெரிஞ்சுரும். அப்புறம் திருப்பூருக்குப் போன் போட்டு, பெரிய மனுசன் மாதிரி, "போகட்டும் விடு, நான் மன்னிச்சுட்டேன், கெளம்பி வா"ன்னு சொல்லலாம். ஜெயிச்சுட்டு மன்னிக்கிறதுல ஒரு சொகம் இருக்கு. தோத்துட்டு மன்னிப்புக் கேக்குறதைப் பத்தி அன்னைக்கு நான் யோசிக்கவே இல்ல.

வேலை ஆரம்பிச்ச அன்னைக்கு என்னைப் பாத்திருந்தா மெக்கானிக் யாரும் வேலைக்குச் சேத்துக்க மாட்டான். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி குளிச்சுட்டு, பருத்தி வேட்டியைக் கட்டி, செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டுக் கொட்டகைக்குள்ள போனேன். வாசல்ல ஒரு வாளி மணலு, ஒரு வாளி தண்ணி. இது எதுவுமே எஞ்சினுக்குத் தேவையில்ல. ஆனா மருந்து ரூம்ல இப்படி நொழைஞ்சே பழகுன காலு, செருப்போட உள்ள போகச் சொன்னாப் போகாது. இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா நாலோட போகட்டும்னு. அந்தச் சட்டத்தை எங்க வீடு மாதிரி மதிக்கிற எடம் ஜில்லாவுலயே கெடையாது. ஆறு மாசமா ஒரே ஆளு.

கழட்டுறதை வரிசை தப்பாம வைக்கணும், இல்லைன்னா மாட்டுறப்ப முழிப்போம். அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். எங்க ஊர்ல பிரஸ்ல கலர் தப்பிப்போன காலண்டர் ஷீட்டு எல்லா வீட்லயும் கெடக்கும், அலமாரிக்கு விரிக்க, புஸ்தகத்துக்கு அட்டை போட. அதுல ஒரு மாசத்து ஷீட்டைத் தரையில விரிச்சேன். மேல முருகன், மூஞ்சி பச்சையா, மயிலு செவப்பா. கீழ முப்பது கட்டம். மொதல்ல கழட்டுனது ஒண்ணாந்தேதி கட்டத்துல, அடுத்தது ரெண்டாந்தேதியில. இப்படியே போய் முப்பதுக்குள்ள எஞ்சின் முடியணும். மாட்டுறப்ப கடைசித் தேதியில இருந்து பின்னால வந்தாப் போதும். பிளக்கு ஒண்ணாந்தேதி. கார்புரேட்டர் நாலாந்தேதி, வளர்பிறை முகூர்த்தம்.

கார்புரேட்டர் அடியில சின்னக் கிண்ணம் ஒண்ணு இருக்கும், பெட்ரோல் வந்து நிக்கிற கிண்ணம். அதைத் தொறந்தேன். ஏழு மாசத்துல பெட்ரோல் ஆவியாப் போயிருச்சு. ஆனா கிண்ணம் காயல. அடியில தேன் மாதிரி, கருஞ்செவப்பா, கெட்டியா ஒண்ணு நின்னுச்சு. வெரல்ல தொட்டுத் தேச்சேன்.

மருந்தை நாங்க கண்ணால பாக்குறதை விட வெரலால பாக்குறதுதான் ஜாஸ்தி. பறக்குறது பறந்துட்டா, கலந்தது மிஞ்சும். எண்ணெய் ஊத்தாத பெட்ரோல் காஞ்சா இப்படிக் கொழகொழன்னு நிக்காது. என் வெரலுக்கு ஒரு நிமிசத்துல தெரிஞ்சுருச்சு.

நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? வெரலைத் துணியில தொடைச்சுட்டு, "இது அதுக்கு மொத வாட்டி ஊத்துன பழைய எண்ணெயா இருக்கும்"னு சத்தமாச் சொன்னேன். கேக்க ஒரு ஆளு இல்லாதப்ப மனுசன் எம்புட்டு நேர்மையில்லாமப் பேசுறான் பாருங்க. கிண்ணத்தை அஞ்சாந்தேதி கட்டத்துல கவுத்தி வச்சுட்டு மேல வேலையைப் பாத்தேன். இன்னும் ஆழமாப் போனா எனக்குச் சாதகமா ஏதாவது கெடைக்கும்னு நம்பிக்கை.

எஞ்சினை பிரேம்ல இருந்து எறக்கிச் சாக்கு மேல வச்சேன். ஹெட் கழண்டுருச்சு. சிலிண்டர் வரல. பிஸ்டன் அதைப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. சுத்தியலை வச்சு நாலு தட்டு தட்டுனா வந்துரும். அங்கதான் எனக்குச் சிக்கல். இரும்பு மேல இரும்பைத் தட்டுறதுக்கு என் கை எந்திரிக்கல. பொறி பறக்கும்னு உள்ளங்கை சொல்லுது. மருந்து ரூமுக்குள்ள இரும்புக் கரண்டி கூடக் கொண்டுபோக விட மாட்டோம், மரமும் பித்தளையும்தான். அதனால மேல மண்ணெண்ணெயை ஊத்தி ஊறப்போட்டுட்டு, மரக் கொட்டாப்புளியால பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி தட்டுனேன். ஒரு நாள் தட்டுனேன். ரெண்டு நாள் தட்டுனேன்.

மூணாம் நாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி சுவருக்கு மேல எட்டிப் பாத்தா. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற பொம்பளை. கூடப் பொறந்த தங்கச்சி இல்ல, சுவரு ஒட்டுன தங்கச்சி.

"என்ன அண்ணே, மூணு நாளா டொக்கு டொக்குன்னு. மதினி இல்லாத நேரத்துல மரங்கொத்தி வளக்குறீகளா?"

"எஞ்சினைக் கழட்டுறேன் தாயி."

"கழட்டவா? நான் தாலாட்டுறீகன்னு நெனைச்சேன். எங்க வீட்டுக்காரர்ட்ட சுத்தியல் இருக்கு, தரவா?"

"வேண்டாம். பொறி பறக்கும்."

அவ கொட்டகைக்குள்ள பாத்தா. ஒத்த எஞ்சினு, மணல் வாளி, தண்ணி வாளி, பச்சை முருகன், கோமணம் மாதிரி வேட்டியை ஏத்திக் கட்டுன நான். "மதினி எப்ப வாராக?"ன்னு மட்டும் கேட்டா.

"பிள்ளைக்குச் சளி" அப்படின்னேன்.

"ஆமா, சளி எறங்க லேட்டாத்தான் செய்யும்"னுட்டு எறங்கிப் போயிட்டா. அவளும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தவதான்.

அன்னைக்கு மத்தியானம் சிலிண்டர் அசைஞ்சுச்சு. மெதுவா உருவுனேன். உள்ள பாத்தேன். சுத்தி எல்லாப் பக்கமும் காஞ்சு தேஞ்சிருக்கும்னு நெனைச்சது இல்ல. மத்தப் பக்கமெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. எடது பக்கம் மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே ஒரு கோடு, ஏரு உழுத மாதிரி ஆழமா. பிஸ்டன் குறுக்கால ஒரு பின் போகும். அந்தப் பின் வெளிய நகந்துராம ரெண்டு பக்கமும் மோதிரத்துல பாதி அளவுக்கு ஒரு கம்பி வளையம் மாட்டியிருக்கும், லாக்குன்னு பேரு. வலது பக்க லாக்கு இருந்துச்சு. எடது பக்கம் இல்ல. கீழ எஞ்சின் அடிவயித்துல வெரலை விட்டுத் துழாவுனா கம்பித் துண்டு தட்டுப்பட்டுச்சு. வெரலெல்லாம் எண்ணெய். அடியில ஒரு ஸ்பூன் எண்ணெய் தாராளமா நின்னுச்சு.

இதுக்கு மேல பழைய எண்ணெய்னு சொல்ல எனக்கே கூச்சமா இருந்துச்சு. கம்பித் துண்டை மண்ணெண்ணெய்த் தட்டுல போட்டேன். பதினேழாந்தேதி கட்டத்தை அதுக்குன்னு காலியா விட்டேன். கழுவிக் காலையில வைக்கலாம்னு.

மறுநாள் சிலிண்டரை மஞ்சப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறி விருதுநகர் போனேன். அங்க ஒரு லேத் பட்டறை, பழைய வண்டிக்குச் சிலிண்டர் கடைஞ்சு தருவாக. பட்டறைக்காரர் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. என் வயசுதான் இருக்கும்.

"எண்ணெய் ஊத்தாமப் புடிச்சதுங்க" அப்படின்னேன். கடைசியா ஒரு முயற்சி.

"யாரு சொன்னது?"

"நான்தான்."

"அப்ப நீங்க இதைப் பாக்கலை. எண்ணெய் இல்லைன்னா சுத்திப் புடிக்கும். இது லாக்கு கழண்டு உழுதிருக்கு. பின் லூசாகி ஆடி ஆடி லாக்கைத் தள்ளியிருக்கு. இதெல்லாம் திடீர்னு நடக்காதுண்ணாச்சி. ஒரு மாசம் முன்னாடியே சத்தம் குடுத்திருக்குமே, சின்னதா, கொலுசு மாதிரி. கேக்கலையா?"

"வீட்ல கேட்டாக."

"நீங்க?"

"நான் ஜோக்கு சொன்னேன்."

அவரு சிரிக்கல. எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, ஏன்னா அதை நான் சிரிக்கிற மாதிரிதான் சொன்னேன்.

நெசந்தான். மாசியில இருந்தே அவ சொல்லிக்கிட்டு இருந்தா. பின்னால உக்காந்ததும் என் தோளைத் தட்டி, "ஏங்க, உள்ள கொலுசு மாதிரி ஒண்ணு கேக்குது." நான் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பதில் வச்சிருந்தேன். நீ ஏறுனதும் வண்டிக்கு ஆட்டம் வந்துருச்சுன்னேன். உங்க அப்பா போடாத கொலுசை வண்டி போட்டிருக்குன்னேன். பங்குனியில அவ சொல்றதை நிறுத்திட்டா. சத்தம் நின்னுருச்சு போலன்னு நெனைச்சேன்.

பட்டறைக்காரர் சிலிண்டரை வாங்கி வச்சுட்டுச் சொன்னாரு: "புது பிஸ்டன் போட்டுத் தாரேன். ஆனா லாக்கு ரெண்டு துண்டா ஒடைஞ்சிருக்கும் பாருங்க. ரெண்டும் கெடைச்சுருச்சான்னு பாத்துட்டு மூடுங்க. ஒண்ணு உள்ள நின்னாலும் மறுபடி இதே கதைதான்."

பஸ்ஸுல வர்றப்ப யோசிச்சேன். நான் எடுத்தது ஒரு துண்டா, ரெண்டு துண்டா? எண்ணெயோட சேத்து வழிச்சுத் தட்டுல போட்டேன், எண்ணல. சரி, தட்டுல போய்ப் பாத்தாத் தெரிஞ்சுரும்.

வீட்டுக்கு வந்து பாத்தாத் தட்டு சுத்தமா இருக்கு. கழுவிக் கவுத்தி வச்சிருக்கு. வச்சது யாரு? நான்தான்.

மருந்து ரூம்ல ஒரு சட்டம். அன்னைக்குக் கலந்தது அன்னைக்கே தீரணும். மிஞ்சுன மருந்தைப் பொழுது விடிய வைக்கக் கூடாது, ஈரம் கோத்து உள்ளயே சூடேறித் தானாப் பத்திக்கிரும். அதனால பொழுது எறங்குறப்ப மிஞ்சுனதைக் கொண்டுபோய் அழிச்சுட்டு, தட்டைக் கழுவிக் கவுத்தி வச்சுட்டுத்தான் வீட்டுக்குக் கெளம்புவோம். இருபத்தஞ்சு வருசம் செஞ்ச கை. முந்தின நாள் சாயங்காலமும் அதே மாதிரி, மூளையைக் கேக்காம, மண்ணெண்ணெய்த் தட்டைத் தூக்கிட்டுப் போய்க் கொல்லையில சின்னக் குழி தோண்டி ஊத்தி, மண்ணைத் தள்ளி மூடிட்டு வந்திருக்கு. என் வழக்குல இருந்த ஒரே சாட்சியைப் பொதைச்சது நான்தான். அது எனக்கு எதிரான சாட்சிங்கிறதால, வேணும்னுதான் செஞ்சேன்னு யாராவது சொன்னா என்னால மறுக்க முடியாது.

எஞ்சினைத் தலைகீழாக் கவுத்தி மண்ணெண்ணெய் விட்டு அலசுனேன். ஒண்ணும் விழல. அப்ப ரெண்டும் குழியிலதான் இருக்கணும். இல்ல, ஒண்ணு எங்கயாவது சந்துல ஒளிஞ்சிருக்கணும். தெரியாம மூட முடியாது.

மறுநாள் காலையில குழியைத் தோண்டி, அந்த மண்ணை முறத்துல அள்ளி, வீட்டம்மா மாவு சலிக்கிற சல்லடையை எடுத்துச் சலிக்க ஆரம்பிச்சேன். சலிக்கிறது எனக்குக் கைவந்த வேலை. ராத்திரி பெய்ஞ்ச மழையில மண்ணு சேறாகிப் போயிருந்துச்சு, சல்லடையில அப்பிக்கிட்டு எறங்க மாட்டேங்குது. காயப்போட்டேன், ஒடைச்சேன், சலிச்சேன். மத்தியானம் வரைக்கும் ஒரு கல்லு, ஒரு கோழி எலும்பு.

சுவருக்கு மேல தங்கச்சி தலை வந்துச்சு. "அண்ணே, மதினி சல்லடையில மண்ணு சலிக்கிறீகளே, வந்தா என்ன சொல்லுவாக?"

"வந்தாப் பாத்துக்கிரலாம். இரும்புத் துண்டு ஒண்ணு விழுந்துருச்சு."

"இரும்பா? காந்தத்தை வச்சு ஒரு இழுப்பு இழுத்தா வந்துட்டுப் போகுது. அதுக்கு ஏன் சுடுகாட்டு அரிச்சந்திரன் மாதிரி ஒக்காந்திருக்கீக?"

காந்தம். அது எனக்குத் தோணவே இல்ல. இரும்பே இல்லாத ரூம்ல வாழ்ந்தவனுக்குக் காந்தம் எப்படி ஞாபகம் வரும்?

பரண்ல இருந்து பழைய ரேடியோவை எறக்கி ஸ்பீக்கர் காந்தத்தைப் பிரிச்சு, ஒரு கயித்துல கட்டிக் குழிச் சேத்துல இழுத்தேன். ஏதோ ஒட்டுச்சு. எடுத்துக் கழுவிப் பாத்தேன். ஹேர்பின்.

குழி தோண்டுன எடம் துணி தொவைக்கிற கல்லுக்குப் பக்கம். அவ தலைக்குக் குளிச்சுட்டு அங்க நின்னுதான் முடி ஒணத்துவா. மறுபடி இழுத்தேன். இன்னொரு ஹேர்பின், துருப்பிடிச்சது. ஒரு ஊக்கு. மறுபடி ஒரு ஹேர்பின். எம்புட்டு வருசமா விழுந்ததோ. அவ தெனமும் தேடுவா, "இங்கனதான வச்சேன்"ம்பா, பீரோவையெல்லாம் ஒதறுவா. ஒருக்க நான் சொன்னேன், உன் தலையில முடியை விட பின்னுதான் ஜாஸ்தி கொட்டுதுன்னு. காந்தத்துல ஒண்ணொண்ணா உரிச்சு எடுத்து வேட்டியில தொடைச்சேன். ஹேர்பின் மட்டும் ஒம்பது இருந்துச்சு. யாருகிட்டயாவது காட்டணும் போல இருந்துச்சு. சுவத்துல தலை இல்ல.

அதுக்கப்புறம் வந்தது லாக்குத் துண்டு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. ரெண்டையும் உள்ளங்கையில சேத்து வச்சேன். வளையம் முழுசா வந்துச்சு, எங்கயும் கொறை இல்ல. பதினேழாந்தேதி கட்டத்துல வச்சேன். ஹேர்பின்னையும் ஊக்கையும் அதே கட்டத்துல வச்சேன், வேற எங்க வைக்கிறதுன்னு தெரியாம.

அன்னைக்குச் சாயங்காலம் போன் போட்டேன். பிள்ளையைப் பாத்துக்கிறதுக்காக ஒரு செல்போனை அவ கையில குடுத்துட்டுத்தான் மக வேலைக்குப் போவா.

"சாப்பிட்டீகளா?"

"நீ பாட்டிலைக் குடுத்த" அப்படின்னேன்.

"என்னது?"

"அன்னைக்குப் பங்க்குல. நீ குடுத்த, நான் ஊத்துனேன். எஞ்சின்ல எண்ணெய் இருக்கு. பிரிச்சுப் பாத்துட்டேன்."

அங்கிட்டுப் பிள்ளை கிலுகிலுப்பை ஆட்டுறது மட்டும் கேட்டுச்சு.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" அப்படின்னா.

"கொலுசுச் சத்தம்னு சொன்னியே, அதுவும் சரிதான். அதனாலதான் நின்னுச்சு."

"அதுவும் தெரியும்."

அடுத்து கல்யாண வீட்டைப் பத்திச் சொல்லணும். வாயைத் தொறந்தேன். எப்பவும் அந்த எடத்துல ஒரு ஜோக்கு தயாரா வந்து நிக்கும், அதைப் புடிச்சுக்கிட்டுத் தாண்டிருவேன். அன்னைக்கு அதைத் தள்ளிட்டுப் பாத்தா, பின்னால ஒரு வார்த்தை கூட இல்ல. கடைசியா, "மூணு தடவை சொல்லியிருக்கக் கூடாது" அப்படின்னேன்.

"ஒரு தடவை சொல்லியிருக்கலாமா?"

"அதுவும் கூடாது."

"பிள்ளை அழுகுது, வைக்கிறேன்"னா. பிள்ளை அழுகல. கிலுகிலுப்பைச் சத்தம் நல்லாவே கேட்டுச்சு.

அடுத்த ரெண்டு நாளும் நான் போன் போடல. அவளும் போடல. ரசம் வச்சேன்.

ஒரு வாரம் கழிச்சு சிலிண்டர் வந்துச்சு. முப்பதாந்தேதியில இருந்து பின்னால எண்ணிக்கிட்டே மாட்டுனேன். புது லாக்கு ரெண்டையும் மாட்டிட்டு, சரியா உக்காந்திருக்கான்னு பத்துத் தடவை வெரலால தடவுனேன். மாட்டி முடிக்க நாலு நாள் ஆச்சு. கடைசியில ஷீட்டுல பதினேழாந்தேதி கட்டம் மட்டும்தான் காலியாகல. ஒம்பது ஹேர்பின்னு, ரெண்டு கம்பித் துண்டு, ஒரு ஊக்கு.

பெட்ரோல் ஊத்துனேன். எண்ணெய் ஊத்துனேன். ஊத்துனதும் பாட்டில்ல பேனாவால கோடு போட்டேன், இனிமே வழக்கு வரக் கூடாதுன்னு. கிக்கரை மிதிச்சேன். பதினோராவது மிதிக்குக் கொட்டகை முழுக்கப் புகையைத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சுச்சு. எனக்குச் சந்தோசம்தான். ஆனா சந்தோசத்தை வச்சுக்கிட்டு ஒத்தையில என்ன பண்றது? தங்கச்சி வேலைக்குப் போயிட்டா. முருகன் பச்சை மூஞ்சியோட பாத்துக்கிட்டு இருந்தாரு.

போனை எடுத்துத் திருப்பூருக்குப் போட்டேன். அவ எடுத்ததும் போனை சீட்டு மேல வச்சுட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுத்தேன். அப்புறம் காதுல வச்சேன்.

"ஓடுதா?"ன்னா.

"ஓடுது."

"இன்னொருக்க வைங்க."

வச்சேன். இந்தத் தடவை ரொம்ப நேரம் வச்சேன். எடுத்ததும் சொன்னா: "ஏங்க, டிங்கு டிங்குன்னு ஒண்ணு கேக்குதே."

எனக்கு ஒண்ணும் கேக்கல. நாக்கு நுனியில ஒண்ணு வந்து நின்னுச்சு, திருப்பூர் வரைக்கும் கேக்குற காதுன்னு என்னமோ. நல்லாத்தான் இருந்துச்சு. முழுங்கிட்டேன்.

"எங்கருந்து வருது?"ன்னு கேட்டேன்.

நான் இப்படிக் கேப்பேன்னு அவ எதிர்பாக்கல போல.

"இங்கன இருந்துக்கிட்டு எப்படிச் சொல்றது? முன்னால வருதா, பின்னால வருதான்னு பக்கத்துல இருந்து கேட்டாத்தான் தெரியும்."

"சரி" அப்படின்னேன்.

"பிள்ளைக்குச் சளி கொறைஞ்சிருச்சு" அப்படின்னா. அப்புறம், "என்ன கொழம்பு?"

"ரசம்."

"தெனமும் ரசமா"ன்னுட்டு வச்சுட்டா.

எஞ்சினை அமத்திட்டு, மறுபடி போட்டு, குனிஞ்சு ஒவ்வொரு எடமாக் காதை வச்சுக் கேட்டேன். கொஞ்ச நேரத்துல கண்டுபிடிச்சுட்டேன். அவ சொன்னது நெசம். செயின் கவர்ல ஒரு போல்ட்டு லூசா இருக்கு, கவரு சன்னமா அதுல தட்டுது. ஆபத்து ஒண்ணும் இல்ல. ஸ்பானரை வச்சு அரைத் திருகு திருகுனாச் சத்தம் போயிரும்.

ஸ்பானரை எடுத்துக் கையில வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். திருகல. எடுத்த எடத்துலயே வச்சுட்டு, பொழுது எறங்கிருச்சேன்னு தட்டைக் கழுவிக் கவுத்திட்டு வீட்டுக்குள்ள போனேன்.